கோயிலுக்கு வலம், பலகைக்கு இடம்

கையில் பிடித்து மரம் குடையும் ரவுட்டர் இயந்திரத்துடன் பழகும் எம்மவர்க்கு

புலம்பெயர்ந்த நாடுகளில் எம்மவர் செய்யும் தொழில் யாது என்று கேட்டால், உணவகச் சமையலறை, துப்புரவுப் பணி, கடை, வாகனம் ஓட்டுதல் என்றே பலரும் விடை கூறுவர். ஆயினும் ஊரில் உளியும் கொட்டாப்புளியும் பிடித்த கைகள் இங்கும் மரத்தைத் தேடிச் சென்றிருக்கின்றன. சமையலறை அலுமாரி பொருத்துவோர், கதவுக்குப் பூட்டிடம் குடைவோர், மேசைப் பலகைக்கு விளிம்பு உருட்டுவோர் என்று எம்மவர் சிலர் பாரிஸ் புறநகர்ப் பட்டறைகளிலும் ஜேர்மனியத் தொழிற்கூடங்களிலும் இலண்டன் கட்டட வேலைகளிலும் காணப்படுகின்றனர். ஊரில் மரத்தைத் தொட்டே அறியாத இளைஞர்களும் வேலை கிடைத்த இடத்தில் இத்தொழிலைப் பற்றிக்கொண்டுள்ளனர். இவ்விரு சாராரின் கையிலும் முதல் மாதத்திலேயே கொடுக்கப்படும் ஓர் இயந்திரத்தைப் பற்றியே இங்கு எழுத முற்படுகிறோம்.

ஆங்கிலத்தில் அதனை ரவுட்டர் என்பர். வீட்டில் இணையத் தொடர்புக்காகச் சுவரோரம் மின்னிக்கொண்டிருக்கும் பெட்டிக்கும் அதே எழுத்துக்கூட்டல்தான். பிரித்தானியர் உச்சரிப்பால் மட்டுமே இரண்டையும் வேறுபடுத்துவர். ஜேர்மனியில் ஓபர்பிரேஸ, பிரான்சில் டெபோன்சூஸ், ஒல்லாந்தில் போவன்பிரேஸ், நோர்வேயில் ஓவர்பிரேஸ் என்று நாட்டுக்கு நாடு பெயர் மாறும். பொருள் ஒன்றே. மின்மோட்டார் நிமிர்ந்து நிற்கும். அதன் அச்சின் கீழ்முனையில் வெட்டும் அலகு பூட்டப்பட்டிருக்கும். இரு புறமும் கைபிடிகள். கீழே பலகைமீது வழுக்கிச் செல்ல ஒரு தட்டையான அடித்தட்டு. உளியால் அரைநாள் குடைய வேண்டிய பள்ளத்தை இது சில நிமிடங்களில் குடைந்துவிடும். விரலையும் அவ்வாறே குடைந்துவிடும்.

நாம் இதனை ஏட்டில் படித்து அறிந்தோமில்லை. 2000ஆம் ஆண்டுகளின் நடுப்பகுதியில், பாரிஸின் வடக்குப் புறநகரில் உள்ள ஒரு சிறு பட்டறையில் அரத்தாள் தேய்க்கும் வேலையில் இருந்தோம். எம்முடன் வலிகாமத்தைச் சேர்ந்த ஓடாவியார் ஒருவர் பணிபுரிந்தார். முதிரையிலும் பலாவிலும் முப்பது வருடம் வேலை செய்தவர். சீவுளியைப் பலகைமீது ஒருமுறை ஓடவிட்டதும் மரத்தின் நார் எப்பக்கம் சாய்கிறது என்று கண்ணை மூடிக்கொண்டே கூறக்கூடியவர். பட்டறைக்காரர் அவரிடம் ஓக் மரத்து மேசைப் பலகை ஒன்றைத் தந்து, அதன் விளிம்பை உருட்டச் சொன்னார். இயந்திரத்தை எவ்வாறு இயக்குவது என்பதைப் பிரெஞ்சு மொழியில் இரண்டு நிமிடம் விளக்கினார். ஓடாவியார் தலையை ஆட்டினார். விளங்காத மொழிக்குத் தலையாட்டுவது அகதியாக வந்த எல்லோரும் பழகிய ஒன்றுதானே.

பலகை மேசையில் இறுக்கப்படவில்லை. அவர் ஊர்ப் பழக்கப்படி இடது கையால் பலகையை அழுத்திப் பிடித்துக்கொண்டு, வலது கையால் இயந்திரத்தைப் பற்றி, தமக்கு எதிரே இருந்த விளிம்பில் வலமிருந்து இடமாக நகர்த்தினார். அத்திசையில் சென்றால்தான் மரத்தின் நார் சிலும்பாது என்று அவருடைய முப்பது வருட அனுபவம் கூறிற்று. சீவுளியாக இருந்திருந்தால் அது மிகச் சரியான முடிவு. இயந்திரமோ அலகு மரத்தைத் தொட்ட மறுகணமே அவர் கையை இழுத்துக்கொண்டு இடப்புறம் ஓடிற்று. அவருடைய இடது கை அங்கேதான் இருந்தது. மோதிர விரலில் இரண்டு கணுக்கள் போயின.

மருத்துவமனையில் அவர் எம்மிடம் சொன்னது இன்றும் காதில் நிற்கிறது. "தம்பி, உளி என்ன செய்யும் எண்டு என்ர கைக்குத் தெரியும். இது என்ன செய்யும் எண்டு கைக்குத் தெரியேல்லை."

அவருடைய கைக்குத் தெரியாமற்போனது ஒரேயொரு விடயம்தான். அதனை முதலில் கூறிவிட்டு மற்றவற்றுக்கு வருவோம்.

எத்திசையில் தள்ளுவது?

இயந்திரத்தை மேலிருந்து நோக்கினால் அலகு மணிக்கூட்டு முள் செல்லும் திசையிலே சுழல்கிறது. பொதுவாக நிமிடத்துக்கு 10,000 முதல் 24,000 சுற்றுக்கும் மேல். 24,000 சுற்று எனில் ஒரு விநாடியில் 400 தடவை. இரண்டு வெட்டுவாய் உள்ள அலகானால் ஒரு விநாடியில் மரத்தில் 800 கொத்து விழுகிறது. ஒவ்வொரு கொத்தும் மரத்தை ஒரு பக்கம் தள்ளுகிறது. மரம் அசையாதபடியால் இயந்திரம் மறுபக்கம் தள்ளப்படுகிறது. நாம் இயந்திரத்தை அந்தத் தள்ளுகைக்கு எதிராக நகர்த்தினால் கையில் ஒரு சீரான எதிர்ப்பு உணரப்படும். அலகு மரத்தைச் சிறிது சிறிதாகவே கடிக்கும். வேகம் எம் கட்டுப்பாட்டில் இருக்கும். தள்ளுகை செல்லும் திசையிலேயே நாமும் நகர்த்தினால், அலகு வண்டிச் சில்லுப்போல மரத்தின்மீது ஏறி ஓடத் தொடங்கிவிடும். அப்பொழுது இயந்திரம் எம்மை இழுத்துச் செல்கிறது. நாம் அதனைச் செலுத்தவில்லை.

எனவே பலகையின் வெளி விளிம்பைச் சுற்றி வெட்டுகையில் மணிக்கூட்டு முள்ளுக்கு எதிர்த் திசையில் செல்ல வேண்டும். யன்னல் நிலைபோன்ற ஒரு துவாரத்தின் உள் விளிம்பை வெட்டுகையில் முள்ளின் திசையில் செல்ல வேண்டும். இவ்வாறு இரண்டாகப் பிரித்துச் சொன்னால் அவசரத்தில் மாறிப்போகும். ஆகவே எமக்குப் பழக்கமான முறையில் நினைவில் வைப்போம். கோயிலை வலம் வருகையில் மூலஸ்தானம் எப்பொழுதும் எம் வலக்கைப் பக்கம் இருக்கும். இங்கே நேர்மாறு. இயந்திரம் முன்னோக்கிச் செல்லும் திசையில், வெட்டப்படும் மரம் எப்பொழுதும் அதன் இடப்பக்கம் இருக்க வேண்டும். வெளி விளிம்பாயினும் உள் விளிம்பாயினும் இந்த ஒரு விதி பொருந்தும். எமக்கு முன்னால் உள்ள விளிம்பை வெட்டும்போது இடமிருந்து வலமாகச் செல்வதும் இதனுள் அடங்கும்.

இன்னும் ஐயமிருப்பின் வலது கையை உள்ளங்கை நிலத்தைப் பார்க்கும்படி நீட்டுங்கள். பெருவிரலை விரித்து மரம் இருக்கும் பக்கம் காட்டுங்கள். சுட்டுவிரல் எங்கே காட்டுகிறதோ அதுவே நகர வேண்டிய திசை. மொழி தெரியாத இடத்திலும் இவ்விரு விரல்களும் உடன் இருக்கும்.

இங்கே ஒரு நுணுக்கத்தை மறைக்கக் கூடாது. ஓடாவியார் எண்ணியது முழுதும் பிழை அன்று. நார் சிலும்பும் மரத்தில் தலைகீழ்த் திசையில் வெட்டினால் விளிம்பு உண்மையாகவே வழவழப்பாக வரும். தேர்ந்த தச்சர் சிலர் பலகையை அசையாமல் இறுக்கிவிட்டு, இரு கைகளாலும் இயந்திரத்தை அடக்கி, ஒரு மயிரிழை அளவு மட்டும் அவ்வாறு வெட்டுவதுண்டு. அதனைப் பார்த்துவிட்டு நாமும் செய்வோம் என்று புறப்படுவதுதான் ஆபத்து. நல்ல தச்சருக்கே இந்தச் சபலம் அதிகம் என்பதால், ஊரில் தொழில் கற்றவர்கள் புதியவர்களைவிடக் கூடுதல் விழிப்புடன் இருத்தல் நன்று. நார் சிலும்புவதைத் தடுக்க வேறு வழி உண்டு. ஒரே தடவையில் ஆழமாக வெட்டாமல் மெல்லிய வெட்டுகளாகப் பல தடவை செல்லலாம். நான்கு பக்கமும் விளிம்பு உருட்டுவதானால் நார் முடியும் குறுக்குப் பக்கங்களை முதலில் வெட்டிவிட்டு, நெடுக்குப் பக்கங்களைப் பின்னர் வெட்டினால், மூலையில் ஏற்படும் சிதைவு இரண்டாம் வெட்டில் மறைந்துவிடும்.

இலண்டன் அலகும் பாரிஸ் இயந்திரமும்

எமது சமூகத்துக்கே உரிய ஓர் ஆபத்தை அடுத்துக் கூறுகிறோம். மைத்துனர் இலண்டனில், மாமா ரொறன்ரோவில், நாம் பாரிஸில் என்று வாழ்கிறோம். ஒருவர் மற்றவரிடம் வரும்போது கருவிகளும் பெட்டியில் வருகின்றன. இணையக் கடைகளோ உலகின் எந்த மூலையிலிருந்தும் அலகுகளைத் தபாலில் அனுப்புகின்றன.

அலகின் தண்டைப் பற்றிப் பிடிப்பது இயந்திரத்தின் அச்சில் உள்ள பிடிவளையம். பிரித்தானியாவிலும் வட அமெரிக்காவிலும் தண்டின் தடிப்பு பெரும்பாலும் கால் அங்குலம் அல்லது அரை அங்குலம்; மில்லிமீற்றரில் சொன்னால் 6.35, 12.7. ஐரோப்பியப் பெருநிலத்தில் 6, 8, 12 மில்லிமீற்றர். கால் அங்குலப் பிடிவளையத்தில் 6 மில்லிமீற்றர் தண்டு இலகுவாக நுழையும். ஸ்பானரால் இறுக்கினால் இறுகியதுபோலவும் தோன்றும். இடைவெளி 0.35 மில்லிமீற்றர்தான். ஆனால் அந்த வளையம் தண்டை முழுச் சுற்றிலும் பற்றாது. ஓரிரு இடத்தில் மட்டுமே தொட்டுக்கொண்டிருக்கும். விநாடிக்கு 400 சுற்றில் அலகு மெல்ல இறங்கும், அல்லது கழன்று பறக்கும். அரை அங்குல வளையத்தில் 12 மில்லிமீற்றர் தண்டைப் போடுவதும் இத்தகையதே. தண்டின் அளவும் வளையத்தின் அளவும் ஒன்றேயா என்று அதில் பொறிக்கப்பட்ட எண்ணைப் பார்த்து உறுதிசெய்ய வேண்டும். எண் தேய்ந்திருந்தால் அளவுகோலால் அளந்து பார்க்க வேண்டும். கையின் உணர்வை இதில் நம்பலாகாது.

கனடாவிலிருந்து இயந்திரத்தையே கொண்டு வந்தவரையும் அறிவோம். அந்நாட்டு மின்சாரம் 120 வோல்ற், இங்கே 230. பிளக்கை மட்டும் மாற்றிப் பூட்டி இயக்கினால் மோட்டார் எரியும். எரியுமுன் அலகு தாங்காத வேகத்தில் சுழலும்.

அலகின் தண்டில் வேறு இரு குறிப்புகளையும் தேடுங்கள். ஐரோப்பிய நியமப்படி செய்யப்பட்ட அலகில், கையால் தள்ளும் வேலைக்கு ஏற்றதெனின் எம், ஏ, என் ஆகிய மூன்று இலத்தீன் எழுத்துகள் சேர்த்துப் பொறிக்கப்பட்டிருக்கும். அதனருகே நிமிடத்துக்கு எத்தனை சுற்று வரை அது தாங்கும் என்ற எண்ணும், தண்டு எவ்வளவு உள்ளே செல்ல வேண்டும் என்பதைக் காட்டும் கோடும் இருக்கும். ஒன்றுமே பொறிக்கப்படாத அலகு எவ்வளவு மலிவாக வந்தாலும் அதனை வாங்காமல் விடுவதே இலாபம்.

சுற்றெண்ணைப் பற்றி ஒரு கணக்கு. 12 மில்லிமீற்றர் விட்டமுள்ள அலகு 24,000 சுற்றில் செல்கையில் அதன் வெட்டுவாய் மணிக்கு 54 கிலோமீற்றர் வேகத்தில் ஓடுகிறது. அதே சுற்றில் 50 மில்லிமீற்றர் அலகைப் போட்டால் வெட்டுவாயின் வேகம் மணிக்கு ஏறத்தாழ 225 கிலோமீற்றர். இரண்டுக்கும் ஒரே சுற்றெண் வைப்பது குழந்தையின் துவிச்சக்கரவண்டியை நெடுஞ்சாலையில் விடுவதற்கு ஒப்பாகும். அலகு பெரிதாகப் பெரிதாக இயந்திரத்தின் வேகச் சில்லைக் குறைக்க வேண்டும். கதவுப் பலகைக்குச் சரிவு வெட்டும் மிகப் பெரிய அலகுகளைக் கையில் பிடிக்கும் இயந்திரத்தில் போடவே கூடாது. அவை இயந்திரத்தை மேசையின் அடியில் நிலையாகப் பூட்டி வேலை செய்யும் முறைக்கு உரியவை.

ஆளியைத் தட்டுமுன்

அலகு மாற்றுகையில் பிளக்கைச் சுவரிலிருந்து கழற்றுக. பற்றரியில் இயங்கும் இயந்திரங்கள் இப்போது மலிந்துவிட்டன. அவற்றில் பற்றரியையே கழற்றி மேசைமீது கண்ணுக்குத் தெரிய வைக்க வேண்டும். ஆளியை மட்டும் நிறுத்திவிட்டு அலகில் கைவைப்பது, நாய் நித்திரைதானே என்று வாய்க்குள் விரல் விடுவது போன்றது.

தண்டை வளையத்துள் அடிவரை இறக்கிப் பின்னர் ஓரிரண்டு மில்லிமீற்றர் மேலே இழுத்து இறுக்க வேண்டும். அடியில் முட்டிக்கொண்டிருந்தால் வளையம் இறுகும்போது தண்டைக் கீழே இழுக்க இடமின்றிப் பிடி தளர்வாகும். அலகு இல்லாமல் வெறும் வளையத்தை இறுக்குவது வளையத்தைக் கெடுக்கும். வளையத்தின் பிளவுகளில் தூசி, பிசின் சேர்ந்தாலும் பிடி குறையும். பழைய பற்தூரிகையால் துடைத்துவிடலாம்.

பலகையை இரண்டு கிளாம்பால் மேசையில் இறுக்குங்கள். இதனை எவ்வளவு அழுத்திச் சொன்னாலும் தகும். ஓடாவியாரின் இடது கை பலகையைப் பிடிக்க வேண்டிய தேவை இல்லாதிருந்தால், அது இயந்திரத்தின் மறு கைபிடியில் இருந்திருக்கும். இரு கைகளும் கைபிடிகளில் இருக்கும்வரை அலகு எங்கே ஓடினாலும் விரலைச் சந்திக்க வழியில்லை. கிளாம்ப் போட இடமில்லாத சிறு துண்டுகளை இந்த இயந்திரத்தால் வெட்டவே கூடாது. பெரிய பலகையின் ஓரத்தில் வேண்டிய வடிவத்தை வெட்டிவிட்டு, அதன்பின் துண்டை வாளால் அறுத்தெடுப்பதே முறை.

தளர்ந்த சட்டைக் கை, கழுத்துச் சால்வை, தொங்கும் சங்கிலி, கோயிலில் கட்டிய காப்புநூல் ஆகியவை சுழலும் அலகில் சிக்கக்கூடியவை. காப்புநூலை அறுக்க மனமில்லாதவர் அதன்மேல் இறுக்கமான சட்டைக் கையையேனும் இழுத்துவிடட்டும். குளிருக்குக் கையுறை போடும் பழக்கமும் இங்கே தீது. கையுறையின் நுனி சிக்கினால் விரலும் உடன் செல்லும். மின்கம்பியைத் தோளின் மேலாகப் பின்புறம் விட்டால் அது அலகின் வழியில் வராது.

மோட்டார் முழு வேகத்தை எட்டிய பின்னரே அலகு மரத்தைத் தொட வேண்டும். ஆழத்தை ஒரு தடவைக்கு 3 மில்லிமீற்றர் அளவில் வைத்தால் பழகுபவருக்கு இதமாயிருக்கும். 12 மில்லிமீற்றர் பள்ளம் நான்கு தடவையில் வந்துவிடும். அழுத்தி இறக்கும் வகை இயந்திரங்களில் இதற்கெனப் படிப்படியான தடுப்புத் திருகு உண்டு. வெட்டு முடிந்ததும் அலகை மேலே எழுப்பி, ஆளியை நிறுத்தி, சுழற்சி முற்றாக அடங்கும்வரை இரு கைகளையும் எடுக்காமல் நிற்க வேண்டும். நிறுத்தியதும் அலகை உடனே அடக்கும் தடுப்பு சில புதிய இயந்திரங்களில் உண்டு. பழையவற்றில் அது சில விநாடிகள் சத்தமின்றிச் சுழன்றுகொண்டே இருக்கும். அந்த விநாடிகளில் முழங்காலில் சாய்த்து வைத்துக் காயப்பட்டவர்களும் உளர்.

காதையும் பயன்படுத்துங்கள். சீரான ஒலி நல்லது. ஒலி கனத்து இறங்கினால் அதிகம் கடிக்கிறது. கீச்சிட்டு மரம் கருகி மணத்தால் மிக மெதுவாகச் செல்கிறோம், அல்லது அலகு மழுங்கிவிட்டது. மழுங்கிய அலகே கூரிய அலகைவிட ஆபத்தானது. அதனைத் தள்ள விசை வேண்டும். விசை கொடுத்த கை வழுக்கினால் எங்கே போய் விழும் என்று யாரறிவர்?

காதைப் பயன்படுத்துங்கள் என்றது காதுக்காப்பு அணிந்துகொண்டுதான். ஐரோப்பிய ஒன்றியத்தின் 2003ஆம் ஆண்டு விதிப்படி வேலைநாளின் சராசரி இரைச்சல் 85 டெசிபலை எட்டினால் காதுக்காப்பு கட்டாயம். இவ்வியந்திரம் வேலை செய்கையில் அந்த அளவை எளிதில் தாண்டும். காப்பு அணிந்த பின்னும் ஒலியின் மாற்றம் நன்றாகவே கேட்கும். கண்ணாடியும் அவசியம், பார்வைக்கு அணியும் கண்ணாடி பக்கவாட்டில் பறக்கும் சிராம்பைத் தடுக்காது.

நாற்பது வருடம் கழித்து வரும் காயம்

விரல் போனால் அன்றே தெரியும். தூசியால் வரும் கேடு தெரிவதற்குள் பிள்ளைகள் வளர்ந்து பேரப்பிள்ளைகளும் பிறந்துவிடுவர். இங்கிலாந்தில் கதிரை செய்வதற்குப் பெயர்பெற்ற ஹை விக்கம் பகுதியின் தொழிலாளரிடையே மூக்கறைப் புற்றுநோய் வழமைக்கு மாறாக மிகுந்திருப்பதை 1960களில் மருத்துவர்கள் கண்டறிந்தனர். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் 1995இல் வெளியிட்ட தொகுதியில் மரத்தூசி மனிதருக்குப் புற்றுநோய் தரும் பொருள் என்று வகைப்படுத்தப்பட்டது. ஓக், பீச் முதலிய வன்மரங்களின் தூசியே இதில் முதன்மையானது. பிரான்சின் தொழில்நோய்ப் பட்டியலில் 47ஆம் அட்டவணை மரத்தூசிக்கு உரியது. தூசியில் வேலை செய்வதை விட்டு 40 வருடம் கழித்து மூக்கறைப் புற்றுநோய் வெளிப்பட்டாலும் தொழில்நோயாக ஏற்க அது இடம் வைத்திருக்கிறது. எனவே எந்தெந்த வருடம் எந்தப் பட்டறையில் வேலை செய்தோம் என்பதைக் காட்டும் சம்பளச் சீட்டுகளை வீசிவிடாதீர்கள். அகதிக் கோரிக்கைக் கோப்போடு அவற்றையும் ஒரு பையில் கட்டி வையுங்கள்.

காற்றில் ஒரு கனமீற்றருக்கு எவ்வளவு தூசி இருக்கலாம் என்பதற்கு எல்லையுண்டு. வன்மரத் தூசிக்கு ஐரோப்பிய ஒன்றியத்தின் எல்லை 2023 முதல் 2 மில்லிகிராம். பிரான்சில் அதனிலும் கடுமையாக, எல்லா மரத்துக்கும் 1 மில்லிகிராம். இயந்திரத்தின் பின்புறக் குழாயில் உறிஞ்சியைப் பூட்டினால் பெரும்பங்கு தூசி அங்கேயே அடங்கும். மிகுதிக்கு முகமூடி. 2020இல் கொரோனா வந்தபோது எல்லோரும் பெயர் அறிந்துகொண்ட எப்.எப்.பி. 2 வகை முகமூடி இதற்கும் உதவும். வாயைச் சுற்றிக் கட்டும் லேஞ்சி நுண்தூசியைத் தடுக்காது. பட்டறையைத் தும்புத்தடியால் கூட்டுவது தூசியை மீண்டும் காற்றில் ஏற்றும் வேலை. உறிஞ்சியால் எடுப்பதே நன்று. இதனை எழுதுகையில், வருடக்கணக்காக நாமே தும்புத்தடி பிடித்ததை எண்ணிக்கொள்கிறோம்.

விபத்து நேர்ந்தால்

காயத்தைச் சுத்தமான துணியால் அழுத்திப் பிடித்துக் கையை நெஞ்சுக்கு மேலே உயர்த்துங்கள். ஐரோப்பிய ஒன்றிய நாடுகள் எங்கும் 112 எண்ணை அழைக்கலாம். துண்டான விரல் கிடைத்தால் ஈரத்துணியில் சுற்றி, நீர்புகாத பையில் இட்டு, அப்பையை ஐஸ்கட்டிமேல் வைத்துக் கொண்டு செல்ல வேண்டும். விரல் நேரே ஐஸ்கட்டியைத் தொடலாகாது. இவ்வியந்திரம் வாளைப்போல் நேராக அறுக்காது. தசையையும் எலும்பையும் சிதைத்துக் குடைந்துவிடும். ஆதலால் பொருத்த முடியாமற்போவதும் உண்டு. ஓடாவியாருக்கு அதுவே நேர்ந்தது.

அவர் மருத்துவமனையில் இருந்தபோது பட்டறைக்காரர் வந்து, வீட்டில் அலுமாரி திருத்துகையில் நேர்ந்ததாகச் சொல்லும்படி கேட்டார். ஓடாவியாருக்கு அப்போது வதிவிட அனுமதி இல்லை. பயத்தில் அவர் அப்படியே சொல்லிவிட்டார். அவர் சொல்லியிருக்கத் தேவையில்லை. பிரான்சில் வேலையிடத்து விபத்துக் காப்பீடு வதிவிட அனுமதி இல்லாத தொழிலாளிக்கும் உண்டு. விபத்தை 24 மணி நேரத்துக்குள் முதலாளிக்கு அறிவிக்க வேண்டும். முதலாளி அதனை 48 மணி நேரத்துக்குள் நோய்க்காப்புறுதி நிதியத்துக்கு அறிவிக்க வேண்டும். அவர் அறிவிக்காவிடின் தொழிலாளி தானே இரண்டு வருடத்துக்குள் அறிவிக்கலாம். அந்த இரண்டு வருடத்தில் எம்மில் ஒருவருக்கேனும் இது தெரிந்திருக்கவில்லை.

ஜேர்மனியில் இதற்கான காப்பீட்டுச் சங்கத்துக்கு முழுக் கட்டணத்தையும் முதலாளியே செலுத்துகிறார். பதிவு செய்யாமல் வேலைக்கு வைத்திருந்தாலும் காயப்பட்டவருக்கு உரிமை உண்டு. அங்கே வேலையிடத்துக் காயங்களைப் பார்ப்பதற்கென அங்கீகரிக்கப்பட்ட மருத்துவர்கள் உளர். அவர்களைச் சுருக்கமாக டே-ஆர்ட்ஸ்ட் என்பர். காயம் எங்கே, எவ்வாறு நேர்ந்தது என்பதை அவர் எழுதும் முதல் அறிக்கையே பின்னாளில் ஆதாரமாகும். எந்த நாட்டிலாயினும் மருத்துவரிடம் முதலில் சொல்லும் வார்த்தை தாளில் ஏறிவிடும். பின்னர் மாற்றுவது கடினம்.

தெரியாத இயந்திரத்தைக் கையில் தந்தால் "காட்டித் தாருங்கள்" என்று கேட்பதும் உரிமையே. தொழிலாளிக்கு இயந்திரத்தைப் பற்றி விளங்கும் முறையில் பயிற்சி அளிப்பது முதலாளியின் கடமை என்பதை 1989ஆம் ஆண்டின் ஐரோப்பிய விதிகள் வகுத்துள்ளன. பாரதூரமான ஆபத்து கண்முன் இருக்கையில் வேலையை நிறுத்தி விலகும் உரிமை பிரான்சில் 1982 முதல் சட்டத்தில் உண்டு. நாளைய சம்பளத்துக்கு ஏங்கி நிற்பவரால் சட்டம் பேச இயலாது என்பது எமக்குத் தெரியாததன்று. ஆயினும் இரண்டு கிளாம்ப் கேட்பதற்குச் சட்டம் தேவையில்லை. எந்த மொழியிலும் அது கையால் காட்டிக் கேட்கக்கூடிய பொருள்.

ஓடாவியார் மரத்தை விட்டுவிடவில்லை. ஒரு வருடம் சும்மா இருந்தார்; பின்னர் வேறொரு பட்டறையில் சேர்ந்து, அங்கிருந்த போர்த்துக்கேயத் தொழிலாளி ஒருவரிடம் இவ்வியந்திரத்தை முறையாகப் பயின்றார். இருவருக்கும் பொதுவான மொழி ஏதுமில்லை. இப்போது ஓய்வுபெற்று, மகன் வாங்கிக் கொடுத்த சிறிய பற்றரி இயந்திரத்தால் வீட்டின் நிலவறையில் பேரப்பிள்ளைகளுக்குப் படிக்கும் மேசை செய்கிறார். சென்ற மாதம் போயிருந்தோம். பலகையைக் கிளாம்பால் இறுக்கினார். பற்றரியைப் பூட்டுமுன் காதில் செருகியிருந்த பென்சிலை எடுத்து, பலகையின் நான்கு ஓரங்களிலும் ஒவ்வோர் அம்புக்குறி கீறினார். இத்தனை வருடத்துக்குப் பின்னும் ஏன் என்று கேட்டோம். "கை மறந்து போடும், தம்பி" என்றவர், வலது உள்ளங்கையைக் கவிழ்த்துப் பெருவிரலைப் பலகைப் பக்கம் நீட்டி, அம்புகள் நான்கையும் ஒருமுறை சரிபார்த்துக்கொண்டார்.